விளையாட்டுக் களம்: “இல்லை” என்று ஒரு விடை

கிரிக்கெட்டும் ஹாக்கியும் மாதந்தோறும் இப்பகுதியை நிரப்புகின்றன. இம்முறை அவற்றுக்கு ஓய்வளித்துவிட்டு அமெரிக்க நாடு வரை சென்று வருவோம். காரணமின்றி அழைக்கவில்லை. நம்மவரின் மக்களும் மருமக்களும் இன்று நியூ ஜெர்சி மாநிலத்தில் திரளாக வாழ்கின்றனர். அங்கே பிறந்து வளரும் பேரப் பிள்ளைகள் ஞாயிறுதோறும் ஓர் ஆட்டத்தின் முன் அமர்ந்து கூக்குரலிடுவதையும், அஃது இன்ன ஆட்டமென்று விளங்காமல் இங்கிருந்து சென்ற தாத்தா பாட்டிமார் திகைப்பதையும் வாசகர் பலர் கேள்வியுற்றிருப்பர். பெயரோ காற்பந்து, பந்தைப் பெரும்பாலும் கையாலேயே எடுத்துச் செல்கின்றனர், கையாலேயே எறிகின்றனர். தலைக்கவசமும் தோட்கவசமும் பூண்டு ஒருவர்மீது ஒருவர் பாய்கின்றனர். போர்க்களம் போலத் தோன்றும் அவ்வாட்டத்தில், நியூயார்க் ஜெட்ஸ் என்னும் அணியினரிடையே 2022ஆம் ஆண்டில் நேர்ந்த ஒரு மனக்கசப்பே இம்மாதப் பொருள். அதனை உணர்ந்துகொள்ள ஆட்டத்தில் தேர்ச்சி வேண்டுவதில்லை. எனினும் இரண்டொரு விதிகளை மட்டும் முதலில் கூறிவிடுகிறேன்.

களம் நூறு கஜ நீளம். ஒரு சமயத்தில் அணிக்குப் பதினொருவர் ஆடுவர். பந்து எவ்வணியின் வசம் உள்ளதோ அவ்வணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அந்நான்கிற்குள் பத்துக் கஜமாவது முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். முன்னேற இயலாதெனத் தோன்றினால் நான்காம் முயற்சியில் பந்தை ஓங்கி உதைத்து எதிரணியின் எல்லைப்புறத்துக்கு அனுப்பிவிடுவது வழக்கம். கடைக்கோட்டைப் பந்துடன் கடந்தால் ஆறு புள்ளிகள். அதன்பின் கம்பங்களுக்கிடையே உதைத்தால் மேலும் ஒன்று. கோட்டைக் கடக்க இயலாதபோது தொலைவிலிருந்தே கம்பங்களுக்கிடையே உதைத்தால் மூன்று புள்ளிகள்.

நம் கிரிக்கெட்டில் மட்டை பிடித்தவரே பின்னர் களத்தில் நின்று பந்தும் தடுப்பார். இங்கு அவ்வாறில்லை. பந்து தம் வசம் இருக்கும்போது ஆடுவோர் ஒரு பிரிவினர். எதிரியின் வசம் இருக்கும்போது தடுப்போர் வேறொரு பிரிவினர். ஒரு பிரிவு ஆடுகையில் மற்றொன்று ஓரத்து ஆசனத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். தடுப்புப் பிரிவினர் உயிரைக் கொடுத்து எதிரியை நிறுத்திவிட்டு வந்து அமர்ந்து மூச்சு வாங்குவதற்குள், தாக்குதல் பிரிவினர் மூன்று முயற்சிகளையும் வீணாக்கிப் பந்தை உதைத்துக் கொடுத்துவிட்டால், அவர்கள் மீண்டும் எழுந்து ஓட வேண்டும். ஒரே குடும்பத்தில் இரண்டு உலைகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று அணைந்தால் மற்றொன்றின் மேல் சுமை இரட்டிக்கும்.

அத்தாக்குதல் பிரிவின் நடுநாயகமே குவார்ட்டர்பேக் என்னும் ஆட்டக்காரர். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் அவர் கைக்கே வரும். எதிரிகள் தம்மீது பாய்ந்து வீழ்த்துவதற்கு முன் சுமார் மூன்று விநாடிகளே அவருக்கு உண்டு. அதற்குள் எவர் எங்கே ஓடுகிறார், எதிரி எங்கே வழிவிட்டான் என்பதைக் கண்டு எறிந்தாக வேண்டும். ஏனையோர் அனைவரும் நன்றாக ஆடியும் அவர் ஒருவர் தடுமாறினால் ஆட்டம் நின்றுவிடும். ஏனையோர் தடுமாறும்போதும் பழி அவரையே சாரும்.

ஜெட்ஸ் அணியின் பெயரில் நியூயார்க் நகரம் இருப்பினும் அது ஆடும் அரங்கம் இருப்பது நியூ ஜெர்சியில்தான். பெயரில் ஓர் ஊரும் குடியிருப்பில் வேறோர் ஊருமாக வாழ்வது நமக்குப் புதுமையன்று. 1969 ஜனவரி 12 அன்று ஜோ நமத் என்ற குவார்ட்டர்பேக்கின் தலைமையில் இவ்வணி பால்டிமோர் கோல்ட்ஸ் அணியை 16-7 என்று வென்று மகுடம் சூடியது. எதிரணியே வெல்லும் என்று நாடே நம்பியிருந்தபோது, வெற்றி நமதே என்று சில நாட்களுக்கு முன்னரே நமத் உறுதி கூறியிருந்தார். அதற்குப் பின் அம்மகுடம் திரும்பவில்லை. 2010ஆம் ஆண்டுப் பருவத்துக்குப் பின்னர் இறுதிச் சுற்றுகளுக்கே ஜெட்ஸ் தகுதி பெறவில்லை. ஆகவே ஒவ்வொரு புது குவார்ட்டர்பேக்கும் அந்த ஊருக்கு ஆட்டக்காரராக வருவதில்லை, மீட்பராகவே வரவேற்கப்படுகிறார்.

அவ்விதம் வந்தவர்தான் ஸாக் வில்சன். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிந்தெடுக்கும் 2021ஆம் ஆண்டுத் தேர்வில், நாடு முழுமைக்கும் இரண்டாவதாக அவரை ஜெட்ஸ் அழைத்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 21. நான்காண்டுகளுக்குச் சுமார் மூன்றரைக் கோடி டாலர் ஊதியம். கையின் வலிமையில் குறைவில்லை. ஓடிக்கொண்டே எறியும் திறமையும் உண்டு. முதலாண்டில் அணி பதினேழு ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்றது. பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள ஓராண்டேனும் அவருக்கு அளிக்கப்படவில்லை. குருவி தலையில் பனங்காயை வைத்துவிட்டு, குருவி ஏன் ஆடுகிறது என்று கேட்டவர்கள் பலர்.

இரண்டாம் ஆண்டான 2022இல் நிலைமை மாறியது. தடுப்புப் பிரிவு நாட்டின் தலைசிறந்தவற்றுள் ஒன்றாக வளர்ந்துவிட்டது. முழங்காற் காயத்தால் முதல் மூன்று ஆட்டங்களில் ஆடாத வில்சன், திரும்பி வந்து ஆடிய ஆறு ஆட்டங்களுள் ஐந்தில் அணி வென்றது. ஆனால் அவ்வெற்றிகள் பெரும்பாலும் தடுப்பாளர்கள் ஈட்டித் தந்தவை என்பதை அனைவரும் அறிந்திருந்தனர். தோல்வியின் சலிப்பில் தோழர்கள் அவரைக் கைவிட்டனர் என்று எண்ணுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். மனக்கசப்பு வெடித்த நாளன்று காலையில் அணியின் கணக்கு ஆறு வெற்றி, மூன்று தோல்வி. பன்னிரண்டு ஆண்டுகளில் கிட்டாத நல்ல காலம் அது.

அந்நாள் 2022 நவம்பர் 20. இடம், மாஸசூஸட்ஸ் மாநிலத்துப் பாக்ஸ்பரோ. எதிரணி நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். அவ்வணியிடம் ஜெட்ஸ் தொடர்ந்து பதின்மூன்று முறை தோற்றிருந்தது. குளிர்க்காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. ஜெட்ஸ் தடுப்பாளர்கள் அன்று முழுவதும் எதிரியின் தாக்குதல் பிரிவைக் கடைக்கோட்டைத் தாண்ட விடவில்லை. கடைசி நிமிடம் வரை இரு பக்கமும் மூன்று மூன்று புள்ளிகள்.

ஜெட்ஸ் தாக்குதல் பிரிவின் கணக்கைப் பார்ப்போம். ஆட்டம் முழுவதிலும் அவர்கள் முன்னேறியது 103 கஜம். அதில் பிற்பாதி முழுமைக்கும் சேர்த்து இரண்டே கஜம். எழுத்துப் பிழையென்று வாசகர் ஐயுற வேண்டா, இரண்டு கஜந்தான். ஒரு வேட்டியின் நீளங்கூட இல்லை. வில்சன் 22 முறை எறிந்ததில் 9 மட்டுமே தோழர் கைகளைச் சேர்ந்தன. பெற்ற தூரம் 77 கஜம். அதே காற்றில் எதிரணியின் குவார்ட்டர்பேக்கான மேக் ஜோன்ஸ் 27 முறை எறிந்து 23 முறை வெற்றி கண்டார். பத்து முறை ஜெட்ஸ் அணியினர் பந்தை உதைத்துத் திருப்பியனுப்பினர். பத்தாவது முறை உதைத்த பந்தைப் பிடித்த மார்கஸ் ஜோன்ஸ் என்ற இளைஞர் 84 கஜம் ஓடிக் கடைக்கோட்டைக் கடந்தார். அவர் கடந்தபோது ஆட்டத்தில் எஞ்சியிருந்தவை ஐந்து விநாடிகள். ஜெட்ஸ் 10-3 என்று தோற்றது.

இனி நிகழ்ந்ததை விளங்கிக்கொள்ள அந்நாட்டின் ஒரு வழக்கத்தைக் கூற வேண்டும். ஆட்டம் முடிந்த சிறிது நேரத்தில் பத்திரிகை நிருபர்கள் ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறைக்குள்ளேயே நுழைந்து கேள்விகள் கேட்கலாம். சங்க விதியே அவ்வுரிமையை அளிக்கிறது. வியர்வை உலரவில்லை, காயத்துக்குக் கட்டுப் போடவில்லை, மனம் ஆறவில்லை. அந்நிலையில் பேசும் சொல் மறுகணமே நாடெங்கும் பரவிவிடும். நம் வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு பேசும் பேச்சு அங்கே திறந்த வாசலில் நடைபெறுகிறது. அது நல்ல வழக்கந்தானா என்பதில் எனக்கு ஐயமுண்டு. ஆயினும் அவ்வழக்கம் இருப்பதை அறிந்தே அனைவரும் அவ்வறையில் நிற்கின்றனர்.

குவார்ட்டர்பேக்குக்குத் தனி மேடை உண்டு. அம்மேடையில் நின்ற வில்சனிடம் ஒரு நிருபர், தடுப்புப் பிரிவினர் இத்தனை குறைந்த புள்ளிகளுக்கு எதிரியை நிறுத்தியும் தாக்குதல் பிரிவு மூன்றே புள்ளிகள் எடுத்திருக்கிறதே, அவர்களைக் கைவிட்டுவிட்டதாகத் தாங்கள் உணர்கிறீர்களா என்று வினவினார். “இல்லை. இல்லை.” இவ்வளவே விடை. காற்றின் வேகத்தைப் பற்றியும் அவர் அன்று குறைகூறினார்.

எறிந்த பந்து தவறியதைப் பொறுத்துக்கொண்டிருந்த தோழர்களால் இந்த விடையைப் பொறுக்க இயலவில்லை. இதுவே இந்நிகழ்ச்சியில் கவனிக்கத் தக்கதென்று நான் கருதுவது. கை தவறுவது எவருக்கும் நேரும். மற்றவரின் கைகளும் அன்று பல முறை தவறியிருக்கும். ஆனால் பத்து முறை எழுந்து ஓடி, பத்து முறையும் எதிரியை நிறுத்திவிட்டு வந்த மனிதர்கள் பக்கத்து அறையில் அமர்ந்திருக்கையில், அவர்களுக்கு நாம் கடன்பட்டோம் என்று ஒப்பாத வாயை அவர்களால் எவ்வாறு மன்னிக்க முடியும்? அக்கடனைத் தீர்க்குமாறு எவரும் கேட்கவில்லை. உண்டென்று ஒரு சொல் கூறினால் போதுமாயிருந்தது.

அதே நேரத்தில் உடைமாற்றும் அறையில் நிருபர்களிடம் பேசியவர் காரெட் வில்சன். குவார்ட்டர்பேக்குக்கு உறவினரல்லர், பெயர் ஒற்றுமை மட்டுமே. எறியும் பந்தைப் பிடிக்கும் பணியில் அவ்வாண்டுதான் சேர்ந்த இளைஞர். கடுஞ்சொற்கள் கலந்து அவர் பேசியதன் சாரம் இது: இந்நிலை சரியன்று; எத்தனை கஜம் முன்னேறினோம் என்று பாருங்கள்; இதனை இனியும் ஏற்றுக்கொள்ள இயலாது; நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள். எவர் பெயரையும் அவர் உச்சரிக்கவில்லை. உச்சரிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இளையவர் ஒருவர் இவ்வாறு வெளிப்படையாகப் பேசலாமா என்று வாசகரில் மூத்தோர் சிலர் கேட்பர். குடும்பப் பூசலைத் தெருவுக்குக் கொண்டுவரலாகாது என்பது நம் மரபு. அம்மரபை நானும் மதிப்பவன். எனினும் காரெட் வில்சனைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அவர் ‘நாம்’ என்றே பேசினார். செய்த வேலையின் இழிவைச் சுட்டினாரேயன்றிச் செய்தவரின் குலத்தையோ குணத்தையோ ஏசவில்லை. மேடையில் ஒருவர் நாடறிய இல்லையென்று மறுத்துவிட்ட பிறகு, அறையில் உள்ளோர் மௌனம் சாதித்திருந்தால் அம்மறுப்புக்கு அனைவரும் உடன்பட்டதாகவே பொருள்பட்டிருக்கும்.

பயிற்சியாளர் ராபர்ட் சாலே மூன்று நாட்களில் முடிவு செய்தார். வில்சன் நீக்கப்பட்டார். இரண்டாம் நிலைக்குக்கூட அல்ல, அடுத்த ஆட்டத்தில் உடையணிந்து நிற்கும் தகுதியும் இல்லாத மூன்றாம் நிலைக்கு இறக்கப்பட்டார். அதற்குப் பின் அவர் அணியினரைக் கூட்டி மன்னிப்புக் கோரினார். நவம்பர் 27 அன்று அவருக்குப் பதிலாக ஆடிய மைக் ஒயிட் 28 எறிதல்களில் 22 வெற்றி கண்டு, 315 கஜமும் மூன்று கோட்டுக் கடப்புகளும் ஈட்டினார். சிகாகோ பேர்ஸ் அணியை 31-10 என்று ஜெட்ஸ் வென்றது. அம்மூன்றில் இரண்டைப் பிடித்தவர் காரெட் வில்சன்.

கதையாயின் இங்கேயே முடித்துவிடலாம். உண்மை அவ்வளவு வசதியாக அமைவதில்லை. அதற்கடுத்த ஆறு ஆட்டங்களையும் ஜெட்ஸ் வரிசையாகத் தோற்றது. அவ்வாறில் மூன்றை ஒயிட் தொடங்கினார். இடையில் அவருடைய விலா எலும்பில் அடிபட்டது. இரண்டை வில்சன் தொடங்கினார். அவற்றுள் ஒன்றில் சொந்த அரங்கத்து மக்களே அவரை எள்ளி ஊளையிட்டனர், ஆட்டத்தின் நடுவிலேயே வெளியே அழைக்கப்பட்டார். கடைசி ஒன்றை முதியவரான ஜோ பிளாக்கோ தொடங்கினார். மூவராலும் நிலைமையைத் திருப்ப இயலவில்லை. முடிவில் ஏழு வெற்றி, பத்துத் தோல்வி. நோய் ஒரே ஆளிடந்தான் என்று நம்பியோருக்கு அந்த ஆறு வாரங்கள் விடை கூறின.

அடுத்த ஆண்டு ஆரன் ராட்ஜர்ஸ் என்ற மூத்த புகழாளரை அணியினர் வரவழைத்தனர். வில்சன் அவர் அருகில் இருந்து கற்கட்டும் என்றனர். இரண்டாண்டுகளுக்கு முன் செய்திருக்க வேண்டிய காரியம்! 2023 செப்டம்பர் 11 அன்று, தம் நான்காவது முயற்சியிலேயே ராட்ஜர்ஸின் குதிகால் நரம்பு அறுந்தது. பனங்காய் மீண்டும் அதே தலைக்கு வந்தது. அன்று எப்படியோ வென்றனர். இரு வாரங்கழித்துப் பேட்ரியட்ஸ் அணியிடம் 15-10 என்று தோற்றபோது களத்தின் ஓரத்திலேயே சிலர் கொதிப்பைக் காட்டினர். 1969இன் நாயகரான நமத்தே வானொலியில் தோன்றி, வில்சனைப் பார்த்தது போதும் என்ற கருத்தில் பேசினார். எண்பது வயதுப் பெரியவர், தாம் அமர்ந்திருந்த ஆசனத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றிக் கூறியது அது. அப்பிள்ளையின் தாய் தந்தையர் அதனைக் கேட்டிருப்பர் என்ற எண்ணம் எனக்கு எழாமலில்லை.

அதற்கடுத்த ஞாயிறு, அக்டோபர் 1. எதிரே நின்றது முந்திய பருவத்தில் மகுடம் சூடியிருந்த கான்ஸஸ் சிட்டி சீஃப்ஸ். தொடக்கத்திலேயே பதினேழு புள்ளிகள் பின்தங்கிய ஜெட்ஸ், பின்னர் இருபதுக்கு இருபது என்று சமன் செய்தது. வில்சன் 39 முறை எறிந்து 28 முறை வென்றார், 245 கஜம். அவர் வாழ்வில் அதுவரை ஆடிய ஆட்டங்களுள் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று அது. மூன்று புள்ளிகள் பின்தங்கியிருந்த கடைசிக் கட்டத்தில், கைக்கு வந்த பந்தைப் பற்றத் தவறிக் கீழே விட்டார். எதிரிகள் எடுத்துக்கொண்டனர். 23-20 என்று தோல்வி.

அன்றும் மேடை ஏறினார், அன்றும் நிருபர்கள் இருந்தனர். இம்முறை காற்றைப் பற்றிய பேச்சில்லை. தோல்விக்குக் காரணம் தாமே என்றும், அதனை அறையிலிருந்த தோழர்களிடமும் கூறிவிட்டதாகவும் அவர் சொன்னார். அன்று தோழர்கள் அவருக்காகப் பரிந்து பேசினர். பத்து மாதங்களுக்கு முன் அவர் பெயரைச் சொல்லவும் விரும்பாத அதே அறையில் இது நிகழ்ந்தது. பந்தைக் கீழே போட்டவனைத் தேற்றினர். போடவில்லை என்றவனை ஒதுக்கினர்.

இருப்பினும் அவ்வாதரவு அவரைக் காப்பாற்றியதென்று கூறுவதற்கில்லை. நவம்பரில் மீண்டும் நீக்கப்பட்டார். டிசம்பர் 10 அன்று மீண்டும் அழைக்கப்பட்டு, கொட்டும் மழையில் ஹியூஸ்டன் டெக்ஸன்ஸ் அணிக்கு எதிராக 301 கஜம் எறிந்து 30-6 என்று வெற்றி தேடித் தந்தார். அடுத்த வாரமே மயாமியில் தலையில் அடிபட்டு வெளியேறினார். ஜெட்ஸ் உடையில் அதுவே அவருடைய கடைசி ஆட்டம். 2024 ஏப்ரலில் டென்வர் அணிக்கு அவர் மாற்றப்பட்டபோது, ஜெட்ஸ் தன் ஏழாம் சுற்றுத் தேர்வுரிமை ஒன்றையும் சேர்த்துக் கொடுத்து, ஆறாம் சுற்றுத் தேர்வுரிமை ஒன்றைப் பெற்றுக்கொண்டது. மூன்றாண்டுகளுக்கு முன் நாட்டின் இரண்டாவது ஆளாக வந்தவருக்கு அவ்வளவே விலை.

அவருக்கு முன் அவ்வாசனத்தில் இருந்தவர் சாம் டார்னல்ட். 2018இல் நாட்டின் மூன்றாவது ஆளாக அழைக்கப்பட்டு, 2021இல் இதே அணியால் வேண்டாமென்று வேறிடம் அனுப்பப்பட்டவர். அவரே 2024இல் மினஸோட்டா அணியைப் பதினேழில் பதினான்கு ஆட்டங்களில் வெற்றி பெறச் செய்தார். ஆளை மாற்றுவதற்கு முன் ஆசனத்தைச் சோதித்திருக்கலாம் அல்லவா?

சோதித்ததாகத் தெரியவில்லை. 2025இல் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் என்பாரை ஈராண்டுகளுக்கு நாலு கோடி டாலர் பேசி அழைத்து வந்தனர். முதல் ஏழு ஆட்டங்களும் தோல்வி. அவ்வக்டோபரில் அணியின் உரிமையாளர் வுட்டி ஜான்சனே நிருபர்கள் முன் நின்று, இத்தகைய ஆட்டத்தை ஆடும் குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு வெல்வது கடினம் என்ற பொருள்படப் பேசினார். காரெட் வில்சனின் சொல்லை ஏற்ற என்னால் இதனை ஏற்க முடியவில்லை. அவர் களத்தில் ஓடி, அடிபட்டு, அந்த இழிவில் தாமும் பங்கு கொண்டு பேசியவர். இவரோ ஆளைத் தெரிந்தெடுத்த நிருவாகத்தின் தலைவர். இங்கே ‘நாம்’ என்ற சொல் வரவேயில்லை.

அதற்கடுத்த ஞாயிறன்று ஃபீல்ட்ஸ் சின்சினாட்டியில் ஆடினார். 39-38 என்று ஜெட்ஸ் வென்றது. அப்பருவத்தின் முதல் வெற்றி. அந்த வாரத்தில் ஒருநாள் தம் வீட்டு உடையறையில் தரையில் கிடந்து அழுததாக ஆட்டத்துக்குப் பின் அவர் நிருபர்களிடம் கூறினார். நவம்பர் 23 அன்று அவர் இடத்தில் டைரோட் டெய்லர் ஆடத் தொடங்கினார்.